வீடு விற்பவரின் பக்கம் நிற்பவர் யார்?

சென்னைப் புறநகரில் ஒரு பழைய வீட்டை 80 லட்ச ரூபாய்க்குக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சதவீதக் கமிஷன் என்றால் விற்பவர் புரோக்கருக்குத் தருவது 1,60,000 ரூபாய். வாங்குபவரிடமும் கமிஷன் பெறுவது இங்கே வழக்கம்தான். இன்னும் ஒரு மாதம் பொறுத்தால் 82 லட்சத்துக்கு வேறு பார்ட்டி அமையலாம். வீட்டுக்காரருக்குக் கூடுவது இரண்டு லட்சம். புரோக்கருக்கு அவரிடமிருந்து கூடுவது 4,000 ரூபாய். அந்த நாலாயிரத்துக்காகக் கைக்கு வந்த பார்ட்டியை யார் விடுவார்? “இதுக்கு மேல போகாது சார், முடிச்சிடலாம்” என்ற பேச்சு பிறப்பது இந்தக் கணக்கில்தான். புரோக்கர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், கமிஷன் முறை அவரை விற்பவரின் பக்கம் நிற்க விடுவதில்லை. ஆகவே, ஊரிலேயே இருந்து, நாள் ஒதுக்க முடிந்தவர்கள் தங்கள் வீட்டைத் தாங்களே விற்பது நல்லது என்கிறேன்.

இதற்கு ஆதாரம் உண்டு. சிகாகோ புறநகர்களில் ஏறத்தாழ ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளைப் பொருளியலாளர்கள் ஸ்டீவன் லெவிட்டும் சாட் சிவர்சனும் ஆராய்ந்தார்கள். 2008இல் வெளியான அந்த ஆய்வின்படி, முகவர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது சுமார் ஒன்பதரை நாள் கூடுதலாகக் காத்திருந்து, 3.7 சதவீதம் கூடுதல் விலை பெற்றார்கள். விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரம் பற்றி மறு ஆண்டு வந்த ஆய்வில், நேரடியாக விற்றவர்களுக்கு விலை குறையவில்லை, நாள்தான் கூடியது. அங்கெல்லாம் முகவருக்கு உரிமம் கட்டாயம். இங்கே 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, பதிவான திட்டங்களில் மனையோ வீடோ விற்றுத்தரும் முகவர்தான் பதிவுசெய்ய வேண்டும். தெருவில் இருக்கும் இருபது வருட வீட்டுக்கு அது பொருந்தாது.

“பத்திர வேலையை யார் பார்ப்பது?” என்ற கேள்விதான் பலரைப் புரோக்கரிடம் அனுப்புகிறது. வில்லங்கம், வழிகாட்டி மதிப்பு, பட்டா மூன்றையும் இன்று இணையத்திலேயே பார்த்துவிடலாம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பாகப்பிரிவினையில் ஒரு வாரிசின் கையெழுத்து விடுபட்டிருக்கும். பட்டா இறந்துபோன தாத்தா பெயரிலேயே நிற்கும். இவற்றைத் தீர்க்க சிவில் வழக்கறிஞர் வேண்டும். கிரயம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் அவருக்கு ஒரே கட்டணம் என்பதால், உள்ளதை உள்ளபடி சொல்வார். விற்பனைக்கு என்று போர்டு மாட்டுவதற்கு முன்பே அவரிடம் போவது மேல். “கொஞ்சம் ரொக்கமா வாங்கிக்கலாம்” என்ற யோசனையையும் அவரிடமே கேளுங்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரிச் சட்டத்தில் அபராதம் உண்டு. அதைக் கட்ட வேண்டியவர் விற்றவர். யோசனை சொன்னவர் அல்ல.

வெளிநாட்டில் இருப்பவருக்கும், முன்பின் தெரியாதவர்களை வீட்டுக்குள் விடத் தயங்கும் தனித்த முதியவருக்கும் புரோக்கர் தேவைதான். அவர்களும் கமிஷனை எழுத்தில் பேசி முடிக்கலாம்: 80 லட்சம் வரை ஒரு லட்ச ரூபாய், அதற்கு மேல் கிடைக்கும் தொகையில் பத்து சதவீதம், எதிர்த்தரப்பிடம் கமிஷன் கூடாது. அப்போது அதே இரண்டு லட்சத்துக்காகப் பேரம் பேசினால் புரோக்கருக்குக் கூடுவது 20,000 ரூபாய். பவர் பத்திரத்தை மட்டும் எந்த நிலையிலும் அவர் பெயரில் எழுதிக்கொடுக்க வேண்டாம்.