ஜானகியின் கணக்கு

ரெண்டு வாரமா வீட்ல இதே பேச்சுதான். வேலையை விட்டுட்டு ரெண்டு வருஷம் ஜெர்மனி போய்ப் படிக்கணும்னு எனக்கு ஆசை. நாப்பது வயசுல என்னடா படிப்புங்கறாங்க அம்மா. கனவை மட்டும் விட்டுடாதே மச்சிங்கறானுங்க நண்பர்கள் (அவனுங்களுக்கென்ன, ஈஎம்ஐ கட்டறது நான்தானே!).

வாதத்துல ஜெயிக்கணுமேன்னு ராமானுஜனை இழுத்தேன். "அம்மா, பொண்டாட்டின்னு பார்த்திருந்தா அவர் கேம்பிரிட்ஜ் போயிருப்பாரா?"

தங்கமணி காய் நறுக்கிக்கிட்டே கேட்டாங்க. "அது சரி, அந்தப் பொண்டாட்டி என்ன ஆனாங்க?"

தெரிஞ்சதைச் சொன்னேன். 1909ல கல்யாணம் நடந்தப்போ ஜானகிக்கு 10 வயசு. 1914 மார்ச்ல அவர் கப்பலேறினப்போ கிட்டத்தட்ட 15. கடல் தாண்டினா ஆசாரம் போச்சுன்னு இருந்த காலம். அம்மா கோமளத்தம்மாள் முதல்ல ஒத்துக்கலை, அப்புறம் நாமகிரித் தாயார் கனவுல வந்து சொன்னதா சம்மதிச்சாங்கன்னு சொல்வாங்க. ஆக, அம்மா உத்தரவு ஆச்சு, சாமி உத்தரவும் ஆச்சு. நானும் வரேன்னு ஜானகி கேட்டப்போ மட்டும், நீ கூட இருந்தா கணக்குல கவனம் போயிடும்னு சொல்லிட்டாராம்.

அஞ்சு வருஷம் பிரிவு. போன கடுதாசி, வந்த கடுதாசி எல்லாம் மாமியார் கையோட நின்னுடுச்சுன்னு சொல்றாங்க. 1919ல நோயாளியா திரும்பினவர், 1920 ஏப்ரல்ல 32 வயசுல போய்ட்டார். ஜானகிக்கு 21. பம்பாய்ல சகோதரர் வீட்ல தங்கித் தையல் கத்துக்கிட்டு, பிறகு திருவல்லிக்கேணிக்கு வந்து தைச்சுப் பிழைச்சாங்க. இறந்தது 1994ல. 74 வருஷம்ங்க!

சொல்லி முடிக்கறப்போ எனக்கே குரல் இறங்கிடுச்சு.

ராமானுஜன் போனது தப்புன்னு இப்பவும் சொல்ல மாட்டேன். போகத்தான் வேணும். ஆனா கனவா குடும்பமான்னு நாம பேசற பேச்சே கோணலா இருக்கு. கனவு காண்றவன் ஒருத்தன், மத்தவங்க எல்லாம் அவன் காலைக் கட்டிப் போட்ட கயிறுன்னே பேசறோம். அவங்களுக்கும் ஒரு ஆசை இருந்திருக்கும்னு தோணறதே இல்லை. தியாகின்னு ஒரு பட்டத்தைக் கொடுத்தா முடிஞ்சது. குடும்பத்துக்காக எல்லாத்தையும் விட்டேன்னு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டற ஆம்பளைங்க இருக்காங்க பாருங்க, அது இன்னொரு கொடுமை. எங்க பெரியப்பா அப்படித்தான். அவரால வீட்ல ஒருத்தரும் நிம்மதியா சாப்பிட்டதில்லை.

2012ல எனக்கு ஓசூருக்கு மாற்றல் வந்தப்போ தங்கமணி எம்.ஃபில்லைப் பாதியில விட்டாங்க. அன்னிக்கு ரெண்டு வாரம் எல்லாம் யாரும் பேசலை. ரெண்டு நிமிஷம்கூடப் பேசலை. வீடு எங்க பார்க்கறதுன்னுதான் பேசினோம்.

நேத்து ராத்திரி மெதுவா கேட்டேன், அந்த ஆய்வேடு எழுதின நோட்டெல்லாம் எங்க இருக்குன்னு.

"பரண் மேல. ஏன்?"

பதில் சொல்லத் தெரியலை. ஜெர்மனிக்கு விண்ணப்பம் அனுப்ப இன்னும் ஒன்பது நாள் இருக்கு. ஞாயித்துக்கிழமை ஏணியைப் போட்டுப் பரண்ல ஏறணும்.