இருவரும் ஏறிய படகு

திருமண வெள்ளிவிழாக் கண்ட தம்பதியர் சிலர் அண்மைக் காலமாகப் பங்கு இல்லத்திற்கு வந்து, "எங்காவது போய்வரலாம்னு இருக்கறோமுங்க, சாமி. எங்கே போறதுங்க?" என்று கேட்கத் தொடங்கியிருக்கின்றனர். சுற்றுலா நிறுவனத்தார் தரும் வண்ணத் தாள்களில் மாலத்தீவும் பாலித் தீவும் மின்னுகின்றன. அவற்றிற்குச் செல்வது பாவமன்று. ஆயினும் நம் மொழி பேசும் தீவுகள், நம் விசுவாசம் இரத்தம் சிந்திக் காக்கப்பட்ட தீவுகள், நாகப்பட்டினத்திலிருந்து ஏறத்தாழ நான்கு மணி நேரக் கப்பல் பயணத்திற்கு அப்பால் இருக்கின்றன என்பதை அவர்களுக்கு எடுத்துரைப்பது என் வழக்கம்.

நாகைக்கும் யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் கப்பல் விடப்பட்டது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்டது. கடல் கொந்தளிக்கும் பருவத்தில் நிறுத்திவிடுவதும் உண்டு. ஆகவே கடவுச்சீட்டோடு பொறுமையையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

சென்ற ஆண்டு எங்கள் பங்கில் விசைத்தறி வைத்திருக்கும் தம்பதியர் இவ்வழியே சென்று வந்தனர். கணவர் வேளாங்கண்ணிக்குப் பன்னிரண்டு முறை நடந்து போனவர். மனைவி ஒருமுறைகூடப் போனதில்லை. புறப்படுமாறு நான் கூறியபோது அவ்வம்மையார் கேட்டது ஒரே கேள்வி: "மாட்டுக்குத் தண்ணி காட்டறது யாருங்க, சாமி?" முப்பதாண்டு இல்லறம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருந்தது. நம் கொங்குச் சீமையில் யாத்திரை ஆணுக்கு, தொழுவம் பெண்ணுக்கு என்று யார் எழுதிவைத்தார்களோ! புனித சின்னப்பரோடு கொரிந்துவிலிருந்து எபேசுவுக்குக் கப்பலேறிய ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்னும் கூடாரத் தொழிலாளத் தம்பதியரைப் புதிய ஏற்பாடு ஆறிடங்களில் குறிப்பிடுகிறது. ஓரிடத்திலேனும் ஒருவரை விட்டு மற்றவரைக் கூறவில்லை. இதைச் சொன்ன பிறகு, மாட்டைப் பார்த்துக்கொள்ள அடுத்த தோட்டத்துக்காரர் முன்வந்தார்.

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைக் கடற்பாலத்தைக் கடந்தால் தீவுகள் தொடங்குகின்றன. ஒல்லாந்தர் இவற்றிற்குத் தம் ஊர்களின் பெயரையே சூட்டினர்: வேலணை லைடன் ஆயிற்று, காரைநகர் ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று. நெடுந்தீவை இன்றும் 'டெல்ஃப்ட்' என்று வெளியுலகம் அழைக்கிறது. புங்குடுதீவு வரை சாலை வழியே செல்லலாம். அதன் முனையிலுள்ள குறிகட்டுவான் துறையிலிருந்து படகுதான். நயினாதீவிற்குச் சிறிது நேரப் பயணம். நாகபூசணி அம்மன் கோயிலும் பௌத்த விகாரையும் அங்கே ஒரே கரையில் நிற்கின்றன. நெடுந்தீவிற்கு ஒரு மணி நேரமாகும்.

அந்த ஒரு மணி நேரப் படகில் நம் அம்மையாருக்குத் தலைசுற்றல் கண்டது. கணவர் தம் துண்டைக் கடல்நீரில் நனைத்து அவர் நெற்றியில் வைத்துக்கொண்டே வந்தாராம். "கண்ணாலமாகி இத்தனை வருசத்துல இவரு என்ற நெத்தியத் தொட்டுப் பார்த்தது அன்னைக்குத்தானுங்க" என்று அவர் சொன்னபோது, கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நெடுந்தீவில் முருகைக்கற்களை அடுக்கிக் கட்டிய வேலிச்சுவர்களும், வெளியில் திரியும் கட்டைக் குதிரைகளும், ஒரு பெரிய பெருக்க மரமும், ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடும் உள்ளன. பயணிகள் குதிரைகளைப் படமெடுப்பர். அவ்வம்மையாரோ கிணறுகளைப் பார்த்திருக்கிறார். சுற்றிலும் கடல், குடிக்கத் தக்க நீர் தரும் கிணறுகள் சிலவே. அத்திக்கடவு நீருக்காக ஒரு தலைமுறைக்கும் மேலாகக் காத்திருந்து, 2024 ஆகஸ்டு 17 அன்று அத்திட்டம் தொடங்கப்பெற்றதைக் கண்ட அவிநாசிக்காரருக்கு, குடமேந்தி நடக்கும் பெண்ணின் நடையைப் பார்த்தாலே கிணற்றின் தொலைவு விளங்கிவிடும். அங்குள்ள பெண்களோடு அவர் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாராம். குதிரைப் படம் ஒன்றும் அவர் கொண்டு வரவில்லை.

1658-இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றியபோது கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டனர். கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகளார் ஏழைக் கூலியாள் வேடத்தில் அங்கே வந்து சேர்ந்தது 1687-இல். இடைப்பட்ட இருபத்தொன்பது ஆண்டுகள் பூசை வைக்கக் குரு இல்லை. செபமும் ஞானோபதேசமும் எங்கே உயிர்வாழ்ந்தன? வீட்டில், தாயும் தந்தையும் பிள்ளைகளை அமர்த்திய விளக்கடியில். 2015 சனவரி 14 அன்று கொழும்பில் பாப்பரசர் பிரான்சிஸ் அடிகளாரைப் புனிதராக உயர்த்தினார். அந்தப் பெயரறியாத பெற்றோர்களுக்குப் பீடம் ஏதும் இல்லை.

குறிகட்டுவானுக்குப் போகும் வழியில் வேலணைத் தீவில் அல்லைப்பிட்டி என்னும் சிற்றூர் வரும். நின்று செல்லுங்கள் என்று நான் சொல்லியனுப்பினேன். 2006 ஆகஸ்டு 13 அன்று அங்குள்ள புனித பிலிப்பு நேரி ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மீது குண்டுகள் விழுந்தன, பலர் மாண்டனர். அப்பங்கின் தந்தை திருச்செல்வம் நிகால் ஜிம் பிரவுண் அடிகளார், ஒரு வாரம் கழித்து, ஆகஸ்டு 20 அன்று காணாமற்போனார். உடன் சென்ற குடும்பத்தவர் ஒருவரும் திரும்பவில்லை. என்னைப் போன்றே ஒரு பங்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். நம் தம்பதியர் அவ்வாலயத்தில் ஐம்பத்துமூன்று மணிச் செபமாலை சொல்லிவிட்டுப் படகுக்குச் சென்றனர். படகைச் சற்றே தவறவிட்டதாகவும் கேள்வி, நல்லது.

கடவுச்சீட்டு எடுக்க இயலாதவர் மனம் தளர வேண்டா. கச்சத்தீவு 285 ஏக்கர்ப் பரப்புள்ள, குடியிருப்பில்லாத தீவு. 1974 உடன்படிக்கையில் அது இலங்கைக்குச் சென்றபோதே, நம் யாத்திரிகர் பயண ஆவணமின்றி வந்துபோகலாமென்று எழுதப்பட்டது. தவக்காலத்தையொட்டி இரண்டு நாள் நடக்கும் புனித அந்தோணியார் திருவிழாவிற்கு இராமேசுவரத்திலிருந்து படகுகள் செல்லும். போரின்போது பல்லாண்டு திருவிழா நின்றிருந்தது. சிறைப்பட்ட தம் மீனவருக்காக 2024-இல் இராமேசுவரத்தார் செல்லாமலே இருந்துவிட்டனர். ஆகவே போக விரும்புவோர் முன்கூட்டியே இராமேசுவரம் வேர்க்கோடு பங்கில் கேட்டுப் பெயர் கொடுக்க வேண்டும். கணவன், மனைவி இருவர் பெயரையும் சேர்த்தே கொடுங்கள். தீவில் நல்ல நீர் கிடையாது. குடிநீரை இங்கிருந்தே எடுத்துச் செல்லுங்கள். அதைச் சுமப்பது ஒருமுறையாவது கணவராக இருக்கட்டும்.