எதிர்வீட்டாரின் அப்பமும் நம்முடைய பந்தியும்



வைட்ஃபீல்டில் நம் சபைக் குடும்பம் ஒன்றின் எதிர்வீட்டில் கண்ணூரைச் சேர்ந்த கத்தோலிக்கப் பெரியவர் ஒருவர் வசிக்கிறார். ஒருநாள் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். 2013 நவம்பர் 15 அன்று கண்ணூர் மாவட்டத்து விளக்கன்னூர் கிறிஸ்து அரசர் ஆலயத்தில், திருப்பலியின்போது அப்பத்தில் இயேசுவின் முகம் தெரிந்ததாகச் சொல்லப்படும் படம் அது. 2025 மே 31 அன்று வத்திக்கான் தூதர் லெயோபோல்தோ ஜிரெல்லி அதை நற்கருணை அற்புதமாக அறிவித்தார். நம் வாலிபச் சகோதரர் படத்தைக் கண்டு சிரித்துவிட்டார். அன்றுமுதல் இரு வீட்டாருக்கும் பேச்சில்லை. "ஐயா, நான் சத்தியத்துக்காகத்தானே நின்றேன்?" என்று என்னிடம் வந்து கேட்டார்.

அவர்கள் போதிப்பது என்னவென்று தெரியுமா என்று கேட்டேன், தெரியவில்லை. குருவானவர் ஆண்டவரின் வார்த்தைகளைச் சொல்லுகையில் அப்பத்தின் உட்பொருள் கிறிஸ்துவின் சரீரமாகிறது, நிறமும் ருசியும் அப்பத்தினுடையதாகவே நிற்கின்றன என்பது அவர்களுடைய போதனை. 1215-இல் லாத்தரான் சங்கம் இதற்குரிய சொல்லை ஆண்டது. 1551-இல் திரெந்து சங்கம் உறுதிசெய்தது. ஆகையால் கண்ணுக்குத் தெரியும் முகம் அவர்கள் விசுவாசத்துக்கு அஸ்திபாரமன்று. விளக்கன்னூரை நம்பாத கத்தோலிக்கரும் நன்மை வாங்குகிறார். ('நன்மை' என்பது தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கும் பழைய சொல். எனக்குப் பிடித்த சொல்லும்கூட.)

நாம் இதை ஏற்பதில்லை. கர்த்தர் ஒரேதரம் பலியாகி, பிதாவின் வலதுபாரிசத்தில் வீற்றிருக்கிறார். தம்மை நினைவுகூரவே பந்தியைத் தந்தார். யோவான் ஆறாம் அதிகாரத்தை அவர்கள் காட்டினால், 63-ஆம் வசனத்தையும் சேர்த்து வாசிப்போம் என்று அன்பாய்ச் சொல்லலாம். ஆனால் சிரிக்கக்கூடாது. 1529-இல் மார்பர்க்கில் லூத்தரும் ஸ்விங்லியும் இந்த ஒரு காரியத்தில்தான் ஒருமனப்படாமல் பிரிந்தார்கள். சரீரம் மெய்யாகவே உண்டென்று லூத்தர் நின்றார். நமக்குத் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டுத் தந்த சீகன்பால்கும் லுத்தரன் போதகரே.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். அவர்கள் ஆலயத்தில் துணுக்கும் தரையில் விழாதபடி பார்த்துக்கொள்வார்கள். நான் ஊழியஞ்செய்த ஒரு சபையில், திருவிருந்து முடிந்ததும் மீந்த அப்பம் காகிதத் தட்டுகளோடு குப்பைத் தொட்டிக்குப் போனது. பாத்திரம் கடந்து செல்லுகையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. போதகனாகிய நான் ஒன்றும் சொல்லவில்லை. வெறும் அடையாளந்தானே என்று நினைத்தேன்போலும். 1 கொரிந்தியர் 11:29-ஐ அந்த இரவில் வாசித்தபோது தூக்கம் வரவில்லை.

இதைச் சொன்னதும் சகோதரர் நெடுநேரம் மௌனமாயிருந்தார். மறுநாள் மாலை எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாராம். பெரியவர் ஒன்றும் பேசாமல் உள்ளே அழைத்து, தேநீர் கொடுத்திருக்கிறார்.