மலைக்குப் போகிற கேமராவுக்குக் காது வேணும்

அடுத்த ஜனவரியில் அகஸ்தியர்கூடம் போகலாம் என்று முடிவெடுத்ததிலிருந்து வீட்டில் ஒரே கேமரா பேச்சுதான். துபாயில் எங்கள் கட்டடத்தில் இருக்கும் நாலு தமிழ்க் குடும்பத்துக்கும் ஆளுக்கொரு கருத்து. ஒருத்தர் 4கே இல்லாமல் எதையும் தொடாதே என்கிறார். இன்னொருத்தர் அதுவும் பத்தாது, 5கே என்கிறார். கையில் இருக்கிற போன் என்ன பாவம் செய்தது என்கிறார் தங்கமணி. நானும் ரெண்டு மாசமாக ஒப்பீட்டு வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போனேன். எல்லாரும் படம் எவ்வளவு தெளிவு என்றே பேசுகிறார்கள். என் கட்சி வேறு. மலைக்கு வாங்குகிற வீடியோ கேமராவில் முதலில் பார்க்க வேண்டியது அதன் காதைத்தான். ஏன் என்று சொல்கிறேன்.

எங்களுக்கு அம்பாசமுத்திரம் பக்கம். வீட்டு மாடியில் நின்றால் பொதிகை தெரியும். தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு அந்த மலை மேல் ஒரு பாசம் உண்டு. ஆனால் கண்ணெதிரே தெரிகிற மலைக்கு எங்கள் ஊரிலிருந்து ஏற முடியாது. நடுவில் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். எனவே நாகர்கோவில் வழியாகச் சுற்றிக்கொண்டு திருவனந்தபுரம் தம்பானூரில் இறங்கி, அங்கிருந்து விதுரா, போனக்காடு என்று போக வேண்டும்.

2003 பிப்ரவரியில் அப்பாவும் நானும் அப்படித்தான் போனோம். அப்பாவுக்கு அப்போது 61 வயசு. நான் துபாய்க்கு வந்து முதல் லீவு. முதல் போனஸில் வாங்கிய மினிடிவி கேமரா கையில். அம்மாவுக்கும் வர ஆசைதான். ஆனால் அந்தக் காலத்தில் அந்த மலையில் பெண்களை விடமாட்டார்கள். "நீ எல்லாத்தையும் படம் புடிச்சிட்டு வால, நான் வீட்ல இருந்தே பாத்துக்கிடுதேன்" என்றாள்.

எடுத்தேன். ஒரு மணி நேர கேசட் ரெண்டு. போனக்காட்டிலிருந்து அதிருமலை முகாம் வரை சுமார் 15 கிலோமீட்டர் காடு, மறுநாள் அங்கிருந்து 1,868 மீட்டர் உயர உச்சி வரை. அருவி, பாறை, மூடுபனி, புல்வெளி எல்லாம் இருக்கிறது. உச்சியில் அகஸ்தியர் சிலைக்குப் பக்கத்தில் நின்று, தமிழ்நாட்டுப் பக்கம் கையை நீட்டி அப்பா ஒரு நிமிஷம் போல ஏதோ சொல்கிறார். என்னவென்று இன்று வரை தெரியாது. கேசட்டில் இருப்பது காற்றின் இரைச்சல் மட்டும். நான் கேமராவின் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அவர் சொன்னதைக் கவனிக்கவில்லை.

ஊருக்கு வந்து டிவியில் போட்டதும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஒங்கப்பா என்னல சொல்லுதாவ?" பக்கத்தில் இருந்த அப்பாவுக்கே ஞாபகம் இல்லை. சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டார். 2011-ல் அவர் போன பிறகு அம்மா அதே கேள்வியை இன்னும் ரெண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறாள்.

ரெண்டு கேசட்டில் அப்பா குரல் தெளிவாக இருப்பது ஒரே ஒரு இடம். அது மலையே இல்லை. தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ். செங்கல்லில் சுருள் சுருளாக மேலே போகும் கட்டடம், தரை முழுக்க ஏற்றம், சுவரோரமாக மேஜைகள். முந்தின நாள் சாயங்காலம் கேமராவைச் சோதிக்க எடுத்த இருபது விநாடி. அப்பா சொல்கிறார்: "மலை ஏறதுக்கு முந்தியே இங்கன ஏறச் சொல்லிட்டானுவள!" அவ்வளவுதான். அம்மா அந்த இருபது விநாடியைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்வாள். அருவியை யாரும் கேட்பதில்லை. அருவி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

இப்போது சமாச்சாரத்துக்கு வருகிறேன்.

காற்று மைக்கில் நேராக மோதும்போது குரல் அதில் அமுங்கிப் போகும். அதைப் பிறகு மென்பொருளில் சலித்தெடுப்பது கஷ்டம். தடுப்பது சுலபம். சட்டைக் காலரில் மாட்டுகிற சின்ன வயர்லெஸ் மைக், அதன் மேல் ஒரு பஞ்சுத் தொப்பி. இதற்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். தனக்குள்ளேயே பதிவு செய்துகொள்ளும் மைக் என்றால் இன்னும் நல்லது. ஆள் பாறைக்குப் பின்னால் போய்விட்டாலும் குரல் தங்கும்.

கேமரா விஷயத்தில் மூன்று வழி. டிஜேஐ ஆஸ்மோ பாக்கெட் 3 மாதிரி, தானாக ஆட்டம் தாங்கும் தலை உள்ளது. 179 கிராம்தான், ஒரு இன்ச் சென்சார், மரநிழல் இருட்டிலும் முகம் நன்றாக வரும். ஆனால் தண்ணீர் ஆகாது, அந்தத் தலை அடி தாங்காது. ரெண்டாவது, கோப்ரோ மாதிரி ஆக்‌ஷன் கேமரா. உறை இல்லாமலே 10 மீட்டர் ஆழம் தாங்கும், நெஞ்சில் மாட்டிக்கொள்ளலாம். இருட்டில் படம் கொஞ்சம் குழையும். மூன்றாவது, போன். அவசரத்துக்கும் அதுதான், டார்ச்சுக்கும் அதுதான். சார்ஜைக் கேமராவுக்குச் செலவழிக்க வேண்டாம்.

உச்சிக்கு முன்னால் கயிற்றைப் பிடித்து ஏறும் பாறைகள் உண்டு. ரெண்டு கையும் காலியாக இருக்க வேண்டும். அதனால் என் ஓட்டு ஆக்‌ஷன் கேமராவுக்கு. நெஞ்சுப் பட்டையில் கேமரா, பேசுகிறவர் காலரில் மைக்.

4கே கட்டாயமில்லை. விநாடிக்கு 60 மெகாபிட் என்று எடுத்தால் மணிக்கு 27 ஜிபி ஓடிவிடும். மூன்று நாள் பயணம், காட்டில் மின்சாரத்தை நம்ப முடியாது. உபரி பேட்டரி மூன்று, பவர் பேங்க் ஒன்று, கார்டு ரெண்டு. தம்பானூர் லாட்ஜில் ஏசி போட்டுத் தூங்கினால் கேமராவைப் பைக்குள் மூடி வையுங்கள். விடியற்காலை வெளியே எடுத்ததும் கண்ணாடி வியர்த்துவிடும்.

இந்தத் தடவை மகளும் வருகிறாள். உயர் நீதிமன்றம் வழி திறந்துவிட்டு, 2019 ஜனவரியில் தன்யா சனல் ஏறிய பிறகு பெண்களும் அந்த மலைக்குப் போகிறார்கள். பாட்டிக்குக் கிடைக்காதது பேத்திக்குக் கிடைக்கிறது.

உங்களுக்கும் ஒன்று சொல்கிறேன். நாமெல்லாம் வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போகிறவர்கள். மலையோ குலதெய்வம் கோவிலோ, கூட வரும் பெரியவர் காலரில் முதலில் மைக்கை மாட்டுங்கள். ஏறும்போது பேச வைக்காதீர்கள். மூச்சு வாங்கி முடித்து உட்கார்ந்த பிறகு ஒரு கேள்வி கேளுங்கள். கேட்டுவிட்டு, திரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள்.

அம்மாவுக்கு முட்டி வலி, மலை ஏற முடியாது. தம்பானூர் வரை வருகிறேன் என்கிறாள். காபி ஹவுஸில் கீழேயே, ஏற்றம் தொடங்குகிற இடத்தில் ஒரு மேஜை போதும். புது மைக்கை முதலில் அவள் சேலையில்தான் மாட்டப் போகிறேன்.