ஐந்து ரூபாய்ச் சாப்பாடு: ஆட்சி மாறினால் அடுப்பு அணையலாமா?

திருப்பதி:

ஆந்திர நகரங்களில் 5 ரூபாய்க்குச் சாப்பாடு போடும் 'அண்ணா கேண்டீன்'கள் ஒருமுறை மூடப்பட்டு, ஐந்து ஆண்டுகள் கழித்து மீண்டும் திறக்கப்பட்டவை. இனி மூடப்படாது என்பதற்கு என்ன உத்தரவாதம்? சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் கூலி வேலைக்கும் கடை வேலைக்கும் வந்துள்ள தமிழர்களுக்கு இது வயிற்றுப் பிரச்சினை.

இங்கே 'அண்ணா' என்பது அறிஞர் அண்ணாவைக் குறிப்பதல்ல. என்.டி.ராமராவை ஆந்திர மக்கள் அண்ணன் என்று அழைத்ததால் வந்த பெயர் அது.

மூடியதும் திறந்ததும்

2018 ஜூலை 11-ந்தேதி முதல்வர் சந்திரபாபு நாயுடு இத்திட்டத்தைத் தொடங்கினார். 2019-ல் ஆட்சி மாறியது. கட்டட வேலையில் முறைகேடு என்று புதிய அரசு காரணம் சொன்னது. கேண்டீன்கள் மூடப்பட்டன. முறைகேடு இருந்தால் விசாரிக்கலாம். அதற்காகச் சாப்பாட்டை நிறுத்தியதால் தண்டனை அடைந்தவர்கள் சாப்பிட வந்தவர்களே.

2024-ல் நாயுடு மீண்டும் முதல்வரானார். ஆகஸ்டு 15-ந்தேதி குடிவாடாவில் கேண்டீன் திறக்கப்பட்டது. மற்ற ஊர்களிலும் தொடர்ந்தன. அரசு அப்போது சொன்ன கணக்குப்படி, ஒருவருக்கு மூன்று வேளைக்கு ஆகும் செலவு 90 ரூபாய். சாப்பிடுகிறவர் கொடுப்பது 15 ரூபாய். மீதி 75 ரூபாய் அரசு மானியமாகவோ நன்கொடையாகவோ வந்தாக வேண்டும். அது நின்றால் அடுப்பும் நிற்கும்.

மலை மேல் ஒரு வழி

இதே திருப்பதியில் ஆட்சிகள் பல மாறியும் நிற்காத சமையற்கூடம் ஒன்று இருக்கிறது. திருமலையில் 1985-ம் ஆண்டு ஏப்ரலில் என்.டி.ராமராவ் காலத்தில், நாளைக்கு 2,000 பேருக்கு என்று நித்ய அன்னதானம் தொடங்கியது. 2011-ல் தரிகொண்ட வெங்கமாம்பா பெயரில் பெரிய கட்டடமே எழுந்தது.

இதன் பலம் பண ஏற்பாட்டில் இருக்கிறது. பக்தர்களின் நன்கொடை அறக்கட்டளைக்குச் சேர்கிறது. வங்கியில் முதலாகப் போட்டு வட்டியைச் செலவிடுவதே அடிப்படை முறை. ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்டை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை.

ஏழுமலையானுக்கு வரும் காணிக்கை நகராட்சிக்கு வராது என்பது உண்மைதான். ஆனால் முறையைப் பின்பற்றலாம் அல்லவா?

சென்னையும் அமெரிக்காவும்

சென்னையில் 2013 பிப்ரவரியில் ஜெயலலிதா தொடங்கிய அம்மா உணவகங்களை மாநகராட்சி நடத்தி வருகிறது. 2021-ல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தும் அவை மூடப்படவில்லை. 2024-ல் முதல்வர் மு.க.ஸ்டாலின் பழுதுபார்ப்புக்கும் புதிய பாத்திரங்களுக்கும் 21 கோடி ரூபாய் ஒதுக்கினார். பெயர் எதிர்க்கட்சியுடையதாக இருந்தாலும் சோறு மக்களுடையது என்பதற்கு இது முன்மாதிரி.

பணக்கார நாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் ஏழைகளுக்கு உணவுப் பொருள் கொடுக்கும் நிலையங்களுக்கு விவசாயத்துறை உதவி செய்கிறது. 2025-ல் சுமார் 50 கோடி டாலர் மதிப்புள்ள உணவுப் பொருள் அனுப்புவதை அது நிறுத்தியது. அந்த நிலையங்கள் தவித்துப் போயின.

கார்டைப் பாருங்கள்

தமிழகத்திலிருந்து வந்தவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் 2020 முதல் தமிழகமும் சேர்ந்துள்ளது. முன்னுரிமைக் குடும்பக் கார்டு அல்லது அந்தியோதயா கார்டு வைத்திருப்பவர், ஆந்திர ரேஷன் கடையில் கைரேகை வைத்து மத்திய அரசின் தானியத்தைப் பெறலாம். பங்கில் ஒரு பகுதியை இங்கும், மீதியை ஊரில் உள்ள குடும்பம் அங்கும் வாங்கலாம்.

ஆனால் 'முன்னுரிமையற்றவை' என்று அச்சிட்ட கார்டுக்கு இங்கே அரிசி கிடையாது. அதற்குத் தமிழக அரசு தரும் இலவச அரிசி தமிழக எல்லையோடு நின்றுவிடுகிறது. அத்தகைய கார்டுக்காரர் ஆரம்பாக்கம் தாண்டிவிட்டால், அவருக்கு மிஞ்சுவது 5 ரூபாய்க் கேண்டீன்தான்.

என்ன செய்யலாம்?

கேண்டீனுக்கு 2024 முதல் நன்கொடைகள் வருகின்றன. முதல்வரின் மனைவி நாரா புவனேஸ்வரி 1 கோடி ரூபாய் கொடுத்தார். இப்படி வரும் பணத்தை அன்றாடச் செலவில் கரைத்துவிடாமல் தனி நிதியாக முதலீடு செய்யலாம். நகராட்சி பட்ஜெட்டில் நிரந்தரத் தொகை ஒதுக்கலாம். ஆண்டுதோறும் கணக்கை மக்கள் பார்வைக்கு வைத்தால், முறைகேடு என்று சொல்லி மூடவும் இடம் இராது.

பெயர்ப் பலகையை எந்தக் கட்சியும் மாற்றிக்கொள்ளட்டும். காலை வேலைக்குப் போகிறவன் வரிசையில் வந்து நிற்கும்போது கதவு திறந்திருக்க வேண்டும்.