வழுக்கைத் தலையும் வாய்ச் சவடாலும்

மஸ்ஜித் தானா இரவுச் சந்தையில் ‘மூன்றே வாரத்தில் முடி’ எனக் கூவி எண்ணெய் விற்கின்றனர். அதை வாங்கிச் செல்லும் பெற்றோரே வீட்டில் பிள்ளைக்கு அறிவியல் பாடம் சொல்லித் தருகின்றனர்!

மினாக்சிடில் குருதியழுத்தத்திற்கென உருவான மருந்து. உண்டவர் உடலில் முடி அடர்ந்ததைக் கண்ட பின்னரே ஆய்வாளர் அதைத் தலைக்குத் திருப்பினர். தலையில் தடவும் மருந்தாக 1988இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. ஆண் இயக்குநீரிலிருந்து உண்டாகி மயிர்க்கால்களைச் சுருக்கும் டிஎச்டியைக் குறைக்கும் பினாஸ்திரைடு முடி உதிர்வுக்கென 1997இல் வந்தது. நிறுத்தினால் பயன் போய்விடும், சிலருக்குப் பாலுணர்வு குன்றும் என்பதையும் ஆய்வாளரே சொல்லிவிட்டனர். எண்ணெய்க்காரரோ குறையொன்றும் கூறுவதில்லை. ஐயம் எழுவது அங்கேதான். (என் முன்னந்தலையும் வெறிச்சோடிக் கிடக்கிறது, ஆசை எனக்கும் உண்டு.)

பெற்றோர்களே, முடி வளர்க்கும் மருந்தென்றால் புட்டியில் ‘எம்ஏஎல்’ பதிவெண் இருக்கிறதா என்று உங்கள் பிள்ளையையே தேடச் சொல்லுங்கள்.