எண்ணெயும் மின்சாரமும்

தேவனூர் நாட்டில் சாமையும் மிளகும் விளைய, கொல்லிமலையின் அடிவாரத்திலே நிலக்கடலையும் ஆமணக்கும் எண்ணெய்க்கென விளைகின்றன. உயர்ந்த அழுத்தமுள்ள மின்சாரத்தினால் எண்ணெயின் தரத்தை உயர்த்தலாம் என்னும் செய்தி மலைமேலும் கீழுமுள்ள குடியானவர்களுக்கு ஆசை மூட்டுவது இயல்பே.

செய்தி பொய்யன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெல்ஜியம் தேசத்து டி ஹெம்டின் என்பார், ஓசையற்ற மின்பாய்ச்சலால் எண்ணெயைக் கெட்டிப்படுத்தி, இயந்திரங்களுக்கிடும் மசகெண்ணெய் ஆக்கினார். அதற்கு வோல்டால் என்று பெயர். 2016-இல் அமெரிக்காவின் பர்டியூ சர்வகலாசாலையார், நிக்கல் இன்றியே, ஹைட்ரஜன் கலந்த வாயுவில் சோயா எண்ணெயை மின்சாரத்தால் 12 மணி நேரம் பக்குவஞ் செய்து, டிரான்ஸ் கொழுப்பு தோன்றாதபடி ஹைட்ரஜன் ஏற்றினர். பழைய முறை வனஸ்பதிக்கு அக்கொழுப்பே பெருந்தோஷம். 2022 முதல் நம் நாட்டுச் சட்டம் அதை நூற்றுக்கு 2 பங்கிற்குள் அடக்கியிருக்கிறது. ஆகவே முறை அருமையானதே.

ஆயினும் அது ஆலைக்காரர்க்குரியது. கெட்ட வித்தை நல்ல வித்தாக்க அதனால் ஆகாது. ஈரக்கடலையைக் குவித்து வைத்தால் பூஞ்சக்காளான் பற்றி அப்ளாடாக்சின் என்னும் விஷம் சேரும். எண்ணெயில் அமிலம் பெருகிக் காறலும் மிகும். காயைக் குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிக்கும்வரை, ஈரம் நூற்றுக்கு 8 பங்கிற்கு மேற்படாதபடி உலர்த்த, வெயிலும் ஒரு பாயும் போதும். இச்செலவற்ற வேலையைத் தள்ளிவிட்டு மின்சாரத்தை நாடுவது விபரீதம். எண்ணெயைத் திருத்தும் மின்சாரப் பெட்டியென்று எவரேனும் ஊருக்குள் கொண்டுவந்தால், அது எந்த ஆராய்ச்சி நிலையத்தில் சோதிக்கப்பட்டதென்று கிராம உத்தியோகஸ்தர்கள் முதலில் கேட்கவேண்டும். உயர் அழுத்த மின்சாரம் செக்கடியில் பரீட்சித்துப் பார்க்கத்தக்கதன்று, உயிருக்கே அபாயம்.